எண்ணிப் பார்த்துவிட்டுக் கைதட்டுங்கள்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எழுதினால் வாங்கிக் கட்டிக்கொள்வாய் என்று வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் நேற்று இரவு ஒருவர், பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போய்ப் பயம் காட்டும் காணொலியின் கீழே நான் போட்ட பின்னூட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "குற்றவாளிகளுக்குக் குடை பிடிக்கும் மேடம்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்திருக்கிறார். அதன் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புக் குறிகள். யார் யார் என்று திறந்து பார்த்தேன். எனக்கு வேண்டியவர்கள் நாலைந்து பேரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

அந்தக் காணொலியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களை வரிசையாகச் சிறைக்குள் அழைத்துப் போகிறார்கள். செல்லுக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு கைதி முகத்துக்கு முகம் வந்து நின்று கத்துகிறார். ஒரு பையன் உடைந்து அழுகிறான், கேமரா அவனை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. கீழே ஆயிரக்கணக்கில் "அருமை", "எல்லாப் பள்ளியிலும் கட்டாயமாக்கணும்", "சின்ன வயசுலயே பயம் காட்டினாத்தான் புத்தி வரும்".

நான் எழுதியது மூன்றே வரி. "இதைப் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பையன்கள் திருந்தவில்லை, முன்னைவிட அதிகமாகத் தப்பு செய்தார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்." இதில் யாருக்கு எங்கே குடை பிடித்திருக்கிறேன்?

சரி, சுருக்கமாகச் சொன்னதுதான் என் தப்பு என்று வைத்துக்கொள்கிறேன். விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரஹ்வே சிறையில் 1970களில் நடந்ததுதான் இதில் பிரபலமானது. ஆயுள் கைதிகளே ஒரு குழுவாகச் சேர்ந்து நடத்தினார்கள். தங்களைப் போல இன்னொரு பையன் கெட்டுப்போகக் கூடாது என்ற எண்ணத்தில்தான். அவர்கள் மனசைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 1978இல் இதைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது வாங்கியது. போன பையன்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் திருந்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மற்ற மாநிலங்களும் ஆரம்பித்தன. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கெனவர் எண்ணினார். சிறைக்குப் போய்வந்த 46 பையன்கள் ஒரு பக்கம், போகாத 35 பேர் இன்னொரு பக்கம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தார். போகாதவர்களில் சுமார் 11 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். போய்வந்தவர்களில் சுமார் 41 சதவீதம்.

எழுத்துப் பிழை இல்லை. போய்வந்தவர்கள்தான் அதிகம்.

"ஒரு ஆராய்ச்சி, அதுவும் இத்தனூண்டு" என்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் அதையேதான் கேட்பேன். அந்தோனி பெட்ரோசினோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1967 முதல் 1992 வரை நடந்த ஒன்பது சோதனைகளைத் தேடி எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாமே குலுக்கல் முறையில் பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சிறைக்கு அனுப்பிய சோதனைகள். நல்ல பையன்களாகப் பொறுக்கி எடுத்து அனுப்பிவிட்டு வெற்றி என்று சொல்ல அதில் வழி கிடையாது. மொத்தம் சுமார் 950 பேர். மொத்தமாகக் கிடைத்த பதில் இதுதான்: அந்தப் பையன்களை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால். இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. பலன் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, பொழுது வீண், அவ்வளவுதான். இதில் கெடுதல் நடந்திருக்கிறது.

ஏன் கெடுகிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். நண்பர்கள் எதிரில் அழுத பையன், வெளியே வந்ததும் தான் பயந்தவன் இல்லை என்று காட்டியாக வேண்டும். "நீ இந்த ரகம், இங்கேதான் வந்து சேருவாய்" என்று பெரியவர்கள் கூடி நின்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. தப்பு செய்யும் பையன்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்கிறான்.

கடைசியாகச் சொன்னதற்கு எழுபது, எண்பது வருடக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939 முதல் 1945 வரை ஒரு திட்டம் நடந்தது. கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்ப் பையன்கள், மொத்தம் 506 பேர். பாதிப் பேருக்கு வழிகாட்டி, பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம். மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. இதில் மிரட்டலே இல்லை, முழுக்க அன்புதான். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற பெண் அவர்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர், "அது எங்களுக்கு நல்லது செய்தது" என்று மனமாரச் சொன்னார்கள். ஆனால் ஏடுகளைப் புரட்டினால், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பல விதத்தில் மோசமாக இருந்தார்கள். குற்றத்தில், குடியில், சீக்கிரம் செத்துப்போனதில். அதிலும் கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போனவர்கள் ரொம்ப மோசம்.

முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. அன்பு வைத்தவனே நன்றாக இருந்தது என்று சொல்கிறான், அப்போதும் எண்ணிக்கை வேறு சொல்கிறது. அன்றிலிருந்து பிறர் கண்ணீரையும் நம்புவதில்லை, என் கண்ணீரையும் நம்புவதில்லை. எண்ணினீர்களா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

"நூறு பேர்ல ஒருத்தன் திருந்தினாலும் லாபம்தானே அக்கா" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கோபமில்லாமல் கேட்டவர், அவருக்குச் சொல்கிறேன். அந்த ஒருத்தன் மேடையேறி நன்றி சொல்வான் தம்பி, அவனை நீங்கள் பார்ப்பீர்கள். இதனாலேயே கெட்டுப்போனவன் மேடையேற மாட்டான். அதோடு, திருந்தினவன் இதனால்தான் திருந்தினான் என்று யார் கண்டது? 1831லேயே பெல்ஜியத்துப் புள்ளியியல் அறிஞர் கெட்லே பிரான்ஸ் நாட்டுக் கணக்கை வைத்துக் காட்டிவிட்டார், குற்றம் இளவயதில் ஏறி, வயது ஏற ஏற இறங்குகிறது. பெரும்பாலான பையன்கள் தானாகவே விட்டுவிடுகிறார்கள். எதைச் செய்தாலும் "பார், திருந்திவிட்டான்" என்று பெயர் வாங்கிக்கொள்ளலாம்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை.

என் தம்பிக்குப் பதினைந்து வயதில், பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்து ஓட்டிவிட்டான். இரண்டாவது தடவை. அப்பா அவனைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தார். "ஒரு ராத்திரி உட்கார வையுங்க, பயம் வரட்டும்." கேஸ் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் அவன் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அழுதிருப்பான் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அன்று இரவு அங்கே இருந்த இரண்டு பெரிய பையன்கள்தான் அடுத்த நாலைந்து வருடம் அவனுக்கு எல்லாமே. அப்பாவோடு பேச்சு நின்றே போயிற்று. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்லி அனுப்புவான்.

இன்று அவன் நன்றாக இருக்கிறான். இருபத்திரண்டு வயதில் ஒரு வேலை கிடைத்தது, பிறகு கல்யாணம். அந்த இரண்டு பேரையும் அவனே விட்டான். ஆனால் அப்பா கடைசி வரை, "அன்னைக்கு நான் ஸ்டேஷன்ல விட்டதாலதான் இவன் மனுஷன் ஆனான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி எதிரிலேயே சொல்வார். தம்பி எழுந்து வெளியே போய்விடுவான். அப்பா கெட்டவர் இல்லை, பயந்துபோன மனிதர். பயத்தில் கையில் கிடைத்ததைச் செய்தார். அதை எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, எனக்கும் அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

என் தம்பி ஒருவனை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. அதற்குத்தான் அந்த ஒன்பது சோதனைகள். நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்டவர்களுக்காக இதைச் சொன்னேன்.

"உன் வீட்டில் நடந்தால் தெரியும்" என்று எழுதியவர்களுக்கு: நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் திருடு போயிருக்கிறது. போன நகையைவிட, யாரோ நம் அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவினான் என்பதுதான் அம்மாவை வாட்டியது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் விளக்கை அணைக்கவிடாமல் தூங்கினார். எனக்கு வலி தெரியாது என்று சொல்லாதீர்கள். அப்போது அம்மா கேட்டதெல்லாம் இரண்டுதான். பிடித்தார்களா? திரும்ப வருவானா? எத்தனை வருடம் உள்ளே போடுவார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அம்மாவின் முதல் கேள்விதான் ஆராய்ச்சியிலும் முதல் கேள்வி. தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இல் எழுதினார். நம் காலத்தில் டேனியல் நேகின் போன்றவர்கள் பல பத்தாண்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற நினைப்பு தடுக்கிறது. ஐந்து வருடத்தைப் பத்து வருடமாக்குவது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. திருடப் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போவதில்லையே.

எனவே என்னைப் போலீசுக்கு எதிரி என்று எழுதியவருக்கும் இதுவே பதில். போலீஸால் குற்றம் குறையும் என்று சொல்கிற கட்சி நான். எங்கே, எப்படி என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள் என்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 1972 - 73இல் 15 வட்டாரங்களை எடுத்தார்கள். ஐந்தில் ரோந்தை நிறுத்தி, அழைப்பு வந்தால் மட்டும் போனார்கள். ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. ஐந்தில் வழக்கம்போல. குற்றத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை, மக்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியவில்லை. சும்மா சுற்றி வந்தால் பலனில்லை என்று அப்போது தெரிந்தது. பிறகு மினியாபொலிஸில் லாரன்ஸ் ஷெர்மன் பார்த்தபோது, நகரத்தின் மூன்று சதவீத முகவரிகளிலிருந்துதான் போலீஸுக்கு வரும் அழைப்புகளில் பாதி வந்தது. அவரும் டேவிட் வைஸ்பர்டும் அப்படிப்பட்ட 110 இடங்களை எடுத்து, குலுக்கலில் பாதி இடங்களுக்கு மட்டும் ரோந்தைக் கூட்டினார்கள். அந்த இடங்களில் குற்றம் குறைந்தது. அப்படியே பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிடாதா என்பீர்கள். பின்னால் அதையும் பல இடங்களில் பார்த்தார்கள். பெரும்பாலும் நகரவில்லை, சில இடங்களில் பக்கத்துத் தெருவிலும் குறைந்தது.

"இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி, நமக்கு ஒத்துவராது." பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போகும் அந்த யோசனையே வெளிநாட்டிலிருந்து எடுத்ததுதான் ஐயா. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம், அதற்கு வந்த முடிவை விட்டுவிடுவோம் என்றால் என்ன நியாயம்?

பின்னூட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. பல வருடம் காவல் பணியில் இருந்தவர் போலிருக்கிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பையனோட அம்மா வந்து கையெடுத்துக் கும்பிட்டு ஏதாவது செய்யுங்க சார்னு கேட்டா நான் என்னம்மா செய்யட்டும், உங்க ஆராய்ச்சியைப் படிச்சுக் காட்டவா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தத் துறையில் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்த அளவுக்கு, அந்த ராத்திரி இரண்டு மணிக்கு எதைச் செய்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். வழக்கு, நீதிமன்றம் என்று பையன்களை உள்ளே இழுப்பதையும் 29 சோதனைகளில் 7,300க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இழுத்ததால் குற்றம் குறையவில்லை, கூடும் பக்கமாகத்தான் சாய்ந்தது. அந்த அம்மாவிடம் "பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாலே அது பெரிய காரியம் சார். எங்கள் அப்பாவிடம் அன்று அப்படிச் சொல்ல ஒருவர் இல்லை.

பலன் கொடுத்ததும் இருக்கிறது. சிகாகோவில் 13 பள்ளிகளில் 1,634 பேரைக் குலுக்கலில் பிரித்து ஒரு பங்குக்குக் கோடையில் எட்டு வாரம் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். பதினாறு மாதத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 43 சதவீதம் குறைந்தன. இந்த முடிவை ஆராய்ச்சியாளர் சாரா ஹெல்லர் 2014இல் வெளியிட்டார். சிறையும் எப்போதும் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. நார்வேயில் சிறைக்குப் போனவர்கள் ஐந்து வருடத்துக்குள் மறுபடி குற்றம் செய்வது, போகாத அவர்களைப் போன்றவர்களைவிட 25 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்தது, முக்கியமாக முன்பு வேலை இல்லாமல் இருந்தவர்களிடம். அங்கே சிறைக்குள் தொழில் கற்றுக் கொடுத்து, வெளியே வேலைக்குப் போக வழி செய்கிறார்கள். மற்ற நாடுகளையும் சேர்த்து 116 ஆராய்ச்சிகளை 2021இல் தொகுத்தபோது, சிறைத் தண்டனை மறுகுற்றத்தைக் குறைக்கவில்லை, சற்றே கூட்டவும் செய்கிறது என்றுதான் வந்தது. ஒரு பையன் கோடையில் எட்டு வாரம் வேலைக்குப் போய்வருவதைக் காணொலி எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அழுவதைத்தான் பார்ப்பார்கள்.

அந்தச் சிறைப் பயணத்தை நடத்தியவர்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அழைத்துப்போன பையன்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அடுத்த முறை போக இருப்பவர்களில் பாதியைக் குலுக்கி நிறுத்தி வையுங்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்தையும் எண்ணுங்கள். நான் சொன்னது தப்பு என்று வந்தால் இதே பக்கத்தில், இதே பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். அந்த மன்னிப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள், பரவாயில்லை.

அதுவரைக்கும் அந்தக் காணொலியை இறக்கிவிடுங்கள். முடியாது என்றால் அழுகிற பையனின் முகத்தையாவது மறையுங்கள். விடுமுறை முடிந்து அவன் அதே வகுப்பில்தான் போய் உட்கார வேண்டும்.