வேறு வல்லூறு தேடிய அரசன்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் அரியணைக்காகப் போரிடும் அரசன் ஸ்டானிஸ் பரத்தியனைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள்தான் எழுகின்றன. அவன் மதவெறி பிடித்தவன், மனிதர்களை நெருப்புக்குக் கொடுத்தவன் என்பது ஒன்று. அவனுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது, படை வேண்டியிருந்தது, அதற்காக நெருப்புக் கடவுளின் மதத்தைக் கையில் எடுத்தான், எனவே அவனை அவ்வளவு குறை சொல்ல முடியாது என்பது மற்றொன்று. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது குரல்தான். நம்பாமல் கொளுத்தினான் என்பது எப்படி ஒரு சமாதானம் ஆகும்?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களை வைத்தே பேசுகிறேன். தொலைக்காட்சித் தொடரில் அவன் மனம் சுருங்கிவிட்டது.

தாயும் தந்தையும் வந்த கப்பல் தன் கோட்டைக்கு எதிரே, கண்ணெதிரிலேயே உடைந்து மூழ்குவதைப் பார்த்தவன் அவன். அன்றோடு கடவுள்கள் அவனுக்கு முடிந்துபோனார்கள். இப்படிச் செய்யும் கடவுளை வணங்க மாட்டேன் என்பது அவன் நிலை. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எனக்கு அவனைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். அப்படிப்பட்டவன், 1998-இல் வெளிவந்த இரண்டாம் நாவலில், தன் தீவான ட்ராகன்ஸ்டோனின் கரையில், நாட்டார் வணங்கும் ஏழு தெய்வங்களின் சிலைகள் எரிவதை நின்று பார்க்கிறான். ஏன் என்பதற்கு அவன் தன் விசுவாச வீரன் டாவோஸிடம் சொல்வது ஒரு பறவையின் கதை. சிறுவயதில் அடிபட்ட வல்லூறு ஒன்றை எடுத்து வளர்த்தான். அது மரங்களின் உச்சியைத் தாண்டிப் பறக்கவே இல்லை. அண்ணன் ராபர்ட் கேலி செய்தான். வேறு பறவையைப் பார் என்றார் ஒரு பெரியவர். அவனும் பார்த்தான். ஏழு தெய்வங்களும் எனக்கு ஒன்றும் கொண்டுவந்து தரவில்லை, இனி இந்தச் சிவப்பு வல்லூறைப் பறக்கவிட்டுப் பார்க்கிறேன் என்கிறான்.

இதில் பக்தி எங்கே இருக்கிறது? வேட்டைக்காரன் பறவை மாற்றுகிறான், அவ்வளவுதான்.

தலைநகரைப் பிடிக்க பிளாக்வாட்டர் போருக்குப் போகும்போது, அந்தச் சிவப்பு வல்லூறான நெருப்புக் கடவுளின் பூசாரிணி மெலிசாண்ட்ரேயை விட்டுவிட்டுப் போகிறான். அவள் உடன் வந்தால் வெற்றி அவளுடையது என்று பேசுவார்கள் எனப் பிரபுக்கள் சொன்னது அவன் காதில் ஏறிவிட்டது. அவள் கடவுளின் வாய் என்று உண்மையாகவே நம்பியவன், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவளை வீட்டில் விட்டுச் செல்வானா? அவன் மனைவி செலீஸ் ஒருநாளும் அதைச் செய்திருக்க மாட்டாள். அவளுடையது நம்பிக்கை, குருட்டு நம்பிக்கைதான், ஆனாலும் நம்பிக்கை.

பிறகு அட்டைகள் வருகின்றன. ராபர்ட்டுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த எட்ரிக்கின் இரத்தம் குடித்த மூன்று அட்டைகளை, தனக்குப் போட்டியான மூன்று அரசர்கள் சாகட்டும் என்று அவர்கள் பெயர் சொல்லி நெருப்பில் போடுகிறான். பேலன், ராப் என்று இரண்டு மரணச் செய்திகள் வருகின்றன. சிறுவன் எட்ரிக்கையே பலி கொடு என்று அரசியின் பக்கத்தார் நெருக்குகிறார்கள். இரண்டு மூன்றாகிவிடாது என்று அப்போதும் தயங்குகிறான் ஸ்டானிஸ். இதைப் பகுத்தறிவு என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த இடத்தில் உடல் நடுங்கியது. மூன்றாவது சாவுக்காகக் காத்திருப்பவனின் தயக்கம் அது. சான்று போதவில்லை என்பதால் குழந்தை பிழைத்திருக்கிறது, சான்று நிறைந்துவிட்டால்? தன் அண்ணன் மகன் என்ற நினைவும் அவனைக் குடைகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நினைவும் தராசின் ஒரு தட்டில் வைத்த எடைக்கல்லாகவே இருக்கிறது.

டாவோஸைப் பாருங்கள். கள்ளக்கடத்தல்காரன், முற்றுகையில் பசித்திருந்த ஸ்டானிஸின் கோட்டையை வெங்காயம் கொண்டுவந்து காத்து, பழைய கடத்தலுக்குத் தண்டனையாக அதே ஸ்டானிஸிடம் விரல்நுனிகளை இழந்தவன். பிளாக்வாட்டரில் நான்கு மகன்களைப் பறிகொடுத்துப் பாறையில் கிடந்தபோது, அந்த ஏழில் ஒன்றான தாய்த்தெய்வம் தன்னோடு பேசியதாக உணர்கிறான். எழுதப் படிக்கத் தடுமாறும் அந்த மனிதனுக்கு, ஓர் அரசாட்சியைவிட ஒரு பிள்ளையின் உயிர் பெரியது என்பதில் ஐயமே இல்லை. எட்ரிக்கைக் கப்பலேற்றிவிட்டு, தலை போகும் என்று தெரிந்தே வந்து நிற்கிறான். அவன் கணக்குப் பார்க்கவில்லை. எனவே அவனிடம் விலை பேச முடியவில்லை.

ஸ்டானிஸ் வெறும் வேடதாரி என்றும் என்னால் சொல்ல முடியாது. நெருப்பில் அவனே காட்சி கண்டிருக்கிறான்: பனி, குன்று, சுற்றிலும் தீப்பந்தங்கள். அரியணையைத் தள்ளி வைத்துவிட்டு, நாட்டின் வட எல்லையிலுள்ள பெருஞ்சுவரைக் காக்க வடக்கே போன ஒரே அரசன் அவன். கண்ணால் கண்டதை அறிந்திருக்கிறான். ஆனால் அந்தக் கடவுளிடம் அன்போ நன்றியோ ஒரு சொல்கூட அவனிடமிருந்து வருவதில்லை. வாள் கூர்மையானது என்று அறிவதும் வாளை வணங்குவதும் ஒன்றா? அவனுக்கு உண்மையான தெய்வம் கடமை. அந்தத் தெய்வத்துக்கு ஈவிரக்கம் இல்லை என்பதுதான் என் அச்சம்.

எதிரிகள் கையிலிருந்த வின்டர்ஃபெல் கோட்டைக்குப் போகும் வழியில் பனியில் படை சிக்கியபோது, பலி கொடுக்கலாம் என்கிறார்கள். என் படையில் பாதிப்பேர் இந்தக் கடவுளை ஏற்காதவர்கள், வேண்டுமானால் இன்னும் நன்றாக வேண்டிக்கொள்ளுங்கள் என்று மறுத்துவிடுகிறான். அங்கும் படை கலையக்கூடாது என்பதுதான் காரணம். பிணம் தின்ற நால்வர் அகப்பட்டதும் நெருப்பு மூட்டப்படுகிறது. குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள், கணக்கு நேராகிவிட்டது.

2015-இல் தொடரில் அவன் தன் மகள் ஷிரீனை எரித்தபோது, இது ஸ்டானிஸ் செய்யக்கூடியதே அல்ல என்று பலர் கொதித்தார்கள். நான் அழுதேன், ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாவலில் அது இன்னும் நடக்கவில்லை. வெளிவராத அடுத்த நாவலிலிருந்து மார்ட்டின் முன்னதாகப் பகிர்ந்த ஓர் அத்தியாயத்தில், தான் இறந்ததாகச் செய்தி வந்தாலும் போரிட்டுத் தன் மகளை அரியணையில் அமர்த்த வேண்டும் என்று தன் வீரனுக்குக் கட்டளையிடுகிறான் ஸ்டானிஸ். அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். அவள் அங்கே மகளாக இருக்கிறாளா, வாரிசாக மட்டும் இருக்கிறாளா என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.