ரெண்டாவதுக்கு முன்னால் சாயங்காலம் 5 மணியை எண்ணுங்கள்

பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகியிருக்கும். காதுகுத்துப் பந்தியில் இலை எடுப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "அடுத்தது எப்போ?" கேட்கிறவர் கையோடு காரணமும் வைத்திருப்பார். "ஒத்தப் புள்ள ஏங்கிப் போயிடும்." "ரெண்டையும் சேத்து வளத்துட்டா ஒரே கஷ்டத்தோட முடிஞ்சிடும்." முதல் காரணத்தை விடுங்கள், ஒன்றரை வயதில் எந்தப் பிள்ளையும் தம்பிக்காக ஏங்குவதில்லை. இரண்டாவது காரணம்தான் ஆளைக் கவிழ்க்கும். நடக்கத் தெரிந்த பிள்ளையும் கைக்குழந்தையும் ஒரே நேரத்தில் அழும், ஒரே ஆளைத்தான் தேடும். அது எந்தக் கணக்கில் ஒரே கஷ்டம்?

இரண்டாவது வேண்டுமா என்பது அவரவர் வீட்டு விஷயம், அதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம். எப்போது என்பதற்குத்தான் கணக்கு உண்டு. சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரை உங்கள் வீட்டில் எத்தனை கை இருக்கிறது? முதலில் அதை எண்ணுங்கள்.

அந்த நாலு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பகல் தூக்கம் கலைந்து சிணுங்கிக்கொண்டே எழுந்திருக்கும் பிள்ளைக்கு மேல் கழுவ வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் கொசு இறங்கும், கதவைச் சாத்தினால் வெளியே போகணும் என்று அழும். அடுப்பில் தோசைக்கல் காயும்போது காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஊட்டி முடிக்க அரை மணி, முக்கால் மணி. தூங்க வைக்க இன்னொரு அரை மணி. இதற்குள் ஒரு கைக்குழந்தையை வைத்துப் பாருங்கள். பிறந்த குழந்தையின் அழுகை ஆறாவது வார வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும், அதுவும் பெரும்பாலும் இதே அந்தி நேரத்தில். பால் கொடுக்க உட்கார்ந்தால் அம்மாவின் இரண்டு கையும் போச்சு.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் 14 நாளைக்கு வையுங்கள். பின்பக்கத்தில் ஊட்டியது யார், கழுவியது யார், தூங்க வைத்தது யார், ராத்திரி எழுந்தது யார் என்று நாலு பெயர் எழுதுங்கள். பதினாலில் பத்துத் தாளில் நாலுக்கும் ஒரே பெயர் இருந்தால் அந்த வீடு இன்னும் தயாராகவில்லை. அப்பாயி கூட இருக்கிறாரே என்றால் சரிதான், ஆனால் முட்டி வலி உள்ள அப்பாயி அரைக் கைதான். உட்கார்ந்து தூளி ஆட்டுவார், ஓடும் பிள்ளையைத் துரத்த மாட்டார். அப்பா தூங்க வைக்கப் பழக வேண்டுமென்றால் அதற்கு மூன்று வாரமாவது பிடிக்கும். முதல் வாரம் பிள்ளை வீடே அதிர அழும், அம்மா உள்ளே வந்து தூக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். இதைப் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளுகிறவர்கள்தான் அதிகம். அப்போது பழக்கினால் பிள்ளைக்கு ஒன்றுதான் புரியும்: பாப்பா வந்தது, என்னைத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்தது உடம்பு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கரு தங்குவதற்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊரில் "ரெண்டு வருஷம் கேப்" என்றால் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ரெண்டு வருஷம் என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் நடுவில் உடம்புக்குக் கிடைப்பது 15 மாதம்தான். 24 மாதம் விட்டால் இரண்டு பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டே முக்கால் வருடம் வரும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். முதலாவது சிசேரியன் என்றால் இந்த இடைவெளியில் பேரமே கூடாது. குறைந்த இடைவெளியில் அடுத்த பிரசவத்துக்கு வலி எடுக்கும்போது கர்ப்பப்பையின் பழைய தையல் பிரியும் ஆபத்து கூடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள இடம் வேண்டும். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியோ, எது கிட்டேயோ அதை முன்கூட்டியே முடிவு பண்ணி வைக்க வேண்டும்.

டெல்டாவில் இந்தக் கணக்கைக் குலைப்பது பல வீட்டில் விசா. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாச லீவில் வருகிறார். "இந்த லீவ விட்டா இன்னும் ரெண்டு வருஷம்" என்கிற அவசரத்தில் முதல் பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகும்போதே அடுத்தது தங்கிவிடும். லீவு முடிந்து அவர் ஏறிப் போன பிறகுதான் வாந்தி ஆரம்பிக்கும். அந்த வீட்டில் 5 மணிக்கு எத்தனை கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லீவை மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த லீவு வரை தள்ளிப்போடுவது கைக்கு எட்டாத காரியமில்லை.

தள்ளிப்போடுவதில் பெரிய ஓட்டை ஒரு நம்பிக்கை: "பால் குடுக்குற வரைக்கும் நிக்காது." மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது உண்மை: குழந்தைக்கு 6 மாதம் முடியக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பி வந்திருக்கக் கூடாது. ஒன்று போனாலும் பாதுகாப்பு போச்சு. மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே முட்டை வெளியாகிவிடும் என்பதால் "இன்னும் தலைக்கு ஊத்தலயே" என்று இருப்பவர்களும் மாட்டுகிறார்கள். தள்ளிப்போட வழி உண்டு: கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 375 வகை 5 வருஷம், 380ஏ 10 வருஷம், வேண்டும்போது எடுத்துவிட்டால் அடுத்த மாதமே கரு தங்கலாம். சாயா கருத்தடை மாத்திரை பால் கொடுக்கிறவர்களுக்கும் ஆகும். முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இந்த மாற்றத்தில் குழம்பித்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் அதை நிறுத்திய பிறகு கரு தங்க ஏழு, பத்து மாதம்கூட ஆகலாம். அடுத்த வருஷம் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வருஷம் அந்தரா போட்டுக்கொண்டு பிறகு பதறுவது தேவையில்லாத வேலை.

ரத்தம் பார்க்காமல் இரண்டாவதுக்குப் போகாதீர்கள். அதே தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கர்ப்பத்துக்கு முன்னால் ஹீமோகுளோபின் 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 9-இல் இருந்துகொண்டு "கர்ப்பமானதும் மாத்திரை குடுப்பாங்கள்ல" என்றால், குழந்தையும் இழுக்கும்போது ஏற்றுவது பெரும்பாடு. மாத்திரை வாங்குகிறவர்களும் அதைக் காப்பியோடு விழுங்கிவிடுகிறார்கள். கும்பகோணம் டிகிரி காப்பிக்கு மரியாதை உண்டு, ஆனால் இரும்புச்சத்துக்கும் அதற்கும் ஆகாது; இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள், மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். ஃபோலிக் அமிலம் கரு தங்கிய பிறகு இல்லை, குறைந்தது ஒரு மாதம் முன்பே. முதல் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.

மாதக் கணக்கும் பார்க்கலாம். ஆடியில் தம்பதியைப் பிரித்து வைக்கிற வழக்கத்தைச் சிரிக்கிறவர்கள், சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு கரண்ட் போன வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். சாங்கியம் எப்படியோ, கணக்கு சரிதான். என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்கு மாசி, பங்குனி அதைவிட யோசிக்க வேண்டிய மாதம். அப்போது தங்கினால் பிரசவம் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழிக்குள், அடைமழையில். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மரம் விழுந்து ரோடெல்லாம் மறித்துக் கிடந்தது. கடைமடைக் கிராமத்தில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் தேதிக்கு ஒரு வாரம் முன்பே டவுனுக்கு வந்துவிடுவது நல்லது, மூத்த பிள்ளையை எங்கே விடுவது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொண்டு.

கர்ப்பத்தில் மூத்தது பால் குடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் குடிக்கலாம். நாலைந்து மாசத்தில் பால் குறைந்து ருசி மாறும், பல பிள்ளைகள் தானாகவே விட்டுவிடும். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்துவதைவிட முதலில் பகல் பால், பிறகு ராத்திரிப் பால் என்று குறைப்பது மேல். ஆனால் பிரசவத்துக்கு முந்தைய மாதத்தில் மட்டும் எதையும் நிறுத்த வேண்டாம். பால் மறக்கடிப்பது, தூளியை விடுவது, கழிப்பறைப் பழக்கம், அங்கன்வாடியில் சேர்ப்பது எல்லாம் பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பே முடிய வேண்டும், இல்லையென்றால் பாப்பா வந்து மூன்று மாதம் ஆன பிறகு.

தூளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டரை வயது வரை தூளியில் தூங்கும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அதை அவிழ்த்து இரண்டு மாதமாவது உத்தரம் வெறுமனே இருக்கட்டும். மறுபடி கட்டும்போது வேறு புடவை, முடிந்தால் வேறு அறை. அதே புடவையில் புது ஆள் படுத்தால் அது பறிமுதல்தான். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்திக் கட்டாதீர்கள், மூத்தது பிடித்துத் தொங்கினாலும் விழுகிற தூரம் குறைவாக இருக்கும். முடிச்சை வாரம் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். பருத்திப் புடவை ஒரே இடத்தில் உரசி நூல் விடும். பாப்பா இல்லாதபோது தூளியைச் சுருட்டி மேலே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். தொங்குகிற துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சுழல்வது மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு.

வீட்டிலேயே ஆபத்தான நேரம் எது என்றால் பாப்பாவைக் குளிப்பாட்டும் நேரம் என்பேன். காலை பத்து, பத்தரை. மணையில் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டவருக்கு எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் வெந்நீர் அண்டா. வீட்டில் எல்லார் கண்ணும் பாப்பா மேல். இரண்டு வயதுக்காரன் ஒன்று அண்டாவில் கை வைப்பான், இல்லை கொல்லைப் பக்கம் நழுவுவான். வெந்நீரைச் சுவரோரம், உட்கார்ந்தவரின் மறுபக்கம் வையுங்கள். விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி அதில் வெந்நீரைக் கலக்க வேண்டும், முழங்கையை முக்கிப் பார்க்க வேண்டும். மூத்ததுக்கு ஒரு சின்னச் சொம்பும் கால் வாளி பச்சைத் தண்ணீரும் கொடுத்துக் கண் முன்னே உட்கார வைத்தால் அதுவும் குளிப்பாட்டுகிறது. முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளை மூழ்கிப் போக முகம் முங்கும் அளவு தண்ணீர் போதும், சத்தமே வராது. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து வீட்டுப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் கொல்லைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாளும் குறுக்கே இரண்டரை அடிப் பலகையும் போட்டிருக்க வேண்டும். போர் தொட்டிக்கு மூடி. கிணற்றுக்கு வலை.

படுக்கையில் பாப்பாவை மூத்ததின் பக்கத்தில் விடாதீர்கள். சுவரோரம் மூத்தது, அப்பா, அம்மா, கடைசியில் தனிப் பாயில் பாப்பா. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் மூன்று பேர் போனது போல நாலு பேர் போக முடியாது. 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாதுகாப்புப் பட்டை, ஹெல்மெட், வேகம் 40-க்குள் என்று மத்திய அரசு 2022-இல் விதி போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோச் செலவைக் குடும்பக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் (ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். பத்துப் பேராவது வேலை பார்க்கும் தனியார் இடம் என்றால் முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உரிமை.

மூத்ததிடம் எப்போது சொல்வது? வயிறு தெரிந்த பிறகு போதும், எட்டு மாசம் காத்திருப்பது அதற்கு ஒரு யுகம். "வயித்துல தம்பியா தங்கச்சியா, சொல்லு" என்று குழந்தை வாக்குக் கேட்கிற வேடிக்கையை நிறுத்தினால் புண்ணியம். தம்பி என்று சொல்லித் தங்கச்சி பிறந்துவிட்டால் "நீதான சொன்ன" என்று அதையே கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். பாப்பா வந்த பிறகு மூத்தது மறுபடி பாயை நனைக்கும், மழலை பேசும், பால் கேட்கும். இரண்டு மூன்று மாதம் அப்படித்தான், திட்டினால் நீளும். "பாப்பா தூங்குது, சத்தம் போடாத" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணி, அதில் பாதியையாவது "அப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன். இரண்டாவது சிசேரியனோடு சேர்த்தே பண்ணிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, பிரசவ வலியோடு இருக்கிறவரிடம் கையெழுத்துக்குத் தாளை நீட்டுவதும் நடக்கிறது. இரண்டோடு நிறுத்துவதா, நிறுத்தினால் அது அவரா இவரா, ஆண்களுக்கான தழும்பில்லாத ஆபரேஷன் சில நிமிட வேலைதானே என்பதையெல்லாம் ஏழாம் மாதத்துக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, முடிவைச் செவிலியரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.