மழைக்கு நாயும் வீட்டுக்குள்ளேதான்

கனடாவில் இருக்கும் என் சித்தி மகள், டிசம்பர் பிறந்தால் போதும், ஒரே மாதிரிப் படம்தான் போடுவாள். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே சோபா, கம்பளி, கையில் ஆவி பறக்கும் சூப், அவள் காலில் தலை வைத்துத் தூங்கும் நாய். எங்கள் குடும்பமே வரிசையில் வந்து இதயம் விடும். ‘எவ்வளவு சமத்தா படுத்திருக்கு பாரு’ என்று அத்தைகளும் மாமிகளும் உருகுவார்கள். இதே ஆட்கள் ஆடி மழையில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஹாலில் எங்கள் நாய் குட்டன் படுத்திருப்பதைக் கண்டால் சிட்அவுட்டிலேயே நின்றுவிடுவார்கள். ‘நாய எதுக்கு மக்களே வீட்டுக்குள்ள ஏத்தியிருக்க?’ வீட்டுக்குள் தூங்க நாய்க்கும் பாஸ்போர்ட் வேண்டும் போலிருக்கிறது.

என் கட்சி இதுதான்: மழைக்கு நாம் வீட்டுக்குள் ஒதுங்கினால், நாம் வளர்க்கும் நாயும் வீட்டுக்குள் ஒதுங்க வேண்டும். சாய்ப்பின் கீழ் ஒரு சங்கிலி, கார் ஷெட் ஓரம் ஒரு இரும்புக் கூடு, அதில் சாரல் அடித்து நனைந்து நிற்கும் ஒரு ஜீவன், உள்ளே நாம் பஜ்ஜி தின்றுகொண்டு ‘ஆகா, என்ன கிளைமேட்’ என்று ஸ்டேட்டஸ் போடுவது. இதை எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை.

குமரி மாவட்டத்தில் பனி கொட்டாது, சரி. ஊட்டியிலேயே மார்கழி, தை விடியலில் புல் மேல் உறைபனி படிவதோடு சரி. நமக்கு வாய்த்தது மழை. அதுவும் வருஷத்துக்கு இரண்டு சீசன். ஜூனில் தென்மேற்கு ஆரம்பிக்கும். அது ஓய்ந்து துணி காய்ந்து முடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஒரே மாவட்டம்தான், ஆனாலும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும்போது குலசேகரம், திருவட்டார் பக்கம் நாங்கள் குடையைத் தேடிக்கொண்டிருப்போம்.

மழை நாளின் காலை போனில்தான் விடியும். 48 அடி பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி, 77 அடி பெருஞ்சாணி அணையில் எத்தனை அடி, மறுகால் திறந்தாச்சா, கலெக்டர் லீவு விட்டாச்சா. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று ஒரு படம் வரும். அப்புறம் குழித்துறை ஆறு சிவந்து ஓடும் வீடியோ. எல்லாம் பார்த்து முடிந்து போனைக் கீழே வைத்தால் மின்சாரம் போயிருக்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். பனி விழும் ஊரில் வெளியே சத்தமே இருக்காதாம். புதுப்பனிக்குள் இருக்கும் இடைவெளிகளில் காற்று நிறைந்திருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிவிடும். நம் ஊரில் கதை தலைகீழ். தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பேசாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைக்கும்.

அப்படிப்பட்ட நாளுக்கு மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு, மேல் ஒரு சாப்பாடு இருப்பதாக நான் நம்பவில்லை. பிடுங்கின அன்றைக்கே வேக வைக்கும் கிழங்காக இருக்க வேண்டும். மண் ஒட்டின தோலைக் கீறி, அதற்கடியில் இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையையும் சேர்த்து உரித்தால் வெள்ளை வெளேரென்று வரும். துண்டு போட்டு, நிறையத் தண்ணீர் வைத்து, மூடாமல் வேக வைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தண்ணீரில் விஷம் இருக்கிறது. மரச்சீனி இலையைத் தின்று ஆடு செத்த கதை எங்கள் பக்கம் கேட்கக் கேட்க வரும். வடித்த கிழங்கில் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் சதைத்துப் போட்டு, அகப்பைக் காம்பால் கிளறினால் பாதி மசிந்து பாதி கட்டியாக நிற்கும். அதுதான் பதம். முழுக்க மசித்துப் பசையாக்கி வைப்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

தொட்டுக்கொள்ள சாளைக் கறி, மற்ற ஊர்க்காரர்களுக்கு மத்தி மீன் குழம்பு. மண்சட்டியில், தேங்காய் அரைத்து, புளி கொஞ்சம் தூக்கலாக. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம், அதனால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய்ப் பிடித்து வருவதுதான் சந்தைக்கு. விலை ஏறித்தான் இருக்கும். வாங்க முடியாத அன்றைக்குக் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) சதைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றினால் அதுவே போதும். கூட ஒரு கட்டன் சாயா.

இன்றைக்கு நாம் ஆசையாகத் தின்னும் இந்தக் கிழங்கு, பசிக்காக வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்போது திருவிதாங்கூரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது மரச்சீனியால்தான். கல்குளம், விளவங்கோடு எல்லாம் அன்றைக்குத் திருவிதாங்கூர்தானே. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம், கிழங்கும் கூடவே வந்தது. எங்கள் பாட்டிக்கு மரச்சீனி என்றாலே முகம் சுளியும். சோறு கிடைக்காத காலத்தில் மூன்று வேளையும் அதையே தின்றவர். ‘இதயும் கொதிச்சு கொதிச்சு திங்கியளே’ என்பார், ஆசைப்பட்டு ஆசைப்பட்டுத் தின்கிறோமே என்று.

மழையை ரசிக்க ஒரு வசதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாதச் சம்பளக்காரன். மழை பெய்தாலும் ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதிதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் விளையில் (தோட்டத்தில்) பால் வெட்ட வருகிறவருக்கு அப்படி இல்லை. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினபிறகு பெய்தால் சிரட்டையில் இருக்கும் பாலும் தண்ணீரோடு போகும். மரத்துக்கு பிளாஸ்டிக் ஒட்டி மழையிலும் வெட்டுகிற விளைகள் உண்டு, எல்லா முதலாளியும் அதற்குச் செலவு செய்வதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கோ மழையும் காற்றும் வேறு பொருள். 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒக்கிப் புயலில் விளைகளில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கரையோர ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அதனால் ‘மழை எவ்வளவு அழகு’ என்று கவிதை எழுதும்போது கொஞ்சம் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வது நல்லது. நான் ரசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் எல்லோரும் ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை.

சரி, நாய்க்கு வருவோம்.

‘நாய்க்கு மழை என்ன செய்யும், அதுக்குத்தான் ரோமம் இருக்கே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாதம். பனிநாட்டு ஹஸ்கிக்கு அது பொருந்தும். அதற்கு மேலே ஒரு ரோமம், உள்ளே பஞ்சு போல இன்னொரு ரோமம் என்று இரட்டைப் போர்வை. அது பனியில் சுருண்டு படுத்துத் தூங்கும். நம் நாட்டு நாய்க்கு இருப்பது ஒட்டின மெல்லிய ரோமம். வெயிலுக்கு ஏற்ற உடம்பு. நனைந்தால் தோல் வரைக்கும் நனையும், நடுங்கும். வேடிக்கை என்னவென்றால், ஹஸ்கியை இங்கே கொண்டுவந்து ஏசி போட்டு உள்ளே வைக்கிறோம், குளிர் தாங்காத நாட்டு நாயை வெளியே கட்டுகிறோம். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று நம்மூர் இனங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் வீட்டிலும் இதே நிலைதான்.

இன்னொன்று இடி. நாம் கேட்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அதிர்வெண் உள்ள சத்தமெல்லாம் நாய்க்குக் கேட்கும். கார்த்திகை இடி நம்மையே தூக்கிப் போடுகிறது. குட்டன் முதல் இடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். மூக்கு மட்டும் வெளியே தெரியும், வாயால் இளைத்துக்கொண்டே இருப்பான். கூப்பிட்டால் வர மாட்டான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினால் அதன் மேல் தாடையை வைத்துக்கொள்வான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. இப்படிப் பயப்படும் ஒன்றைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் அது ஓடப் பார்க்கும், கழுத்து இறுகும்.

அடுத்த வாதம் நோய். இதில் நியாயம் இருக்கிறது, தட்டிக்கழிக்க மாட்டேன். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் நமக்கும் வரும், நாய்க்கும் வரும். ஆனால் நாயை வெளியே கட்டினால் அது அந்தத் தண்ணீரில்தானே நிற்கிறது? உள்ளே வைத்தால்தான் ஆபத்து குறைவு. எலிக்காய்ச்சலுக்கும் வெறிநோய்க்கும் நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, வருஷா வருஷம் போட வேண்டும், அப்புறம் பூச்சி மருந்து. உள்ளே வரும்போது பழைய வேட்டித் துண்டால் காது, வயிறு, விரல் இடுக்கு எல்லாம் துடைக்க வேண்டும். விரல் இடுக்கை விட்டால் அங்கேதான் புண் வரும், உண்ணியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாற்றம் அடிக்குமா என்றால் அடிக்கும். ரோமத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாசனை ஈரத்தில் கிளம்புகிறது, காய்ந்தால் போய்விடும். கனடா நாயும் நனைந்தால் இப்படித்தான் நாறும், படத்தில் அது தெரியாது. அங்கே வேறு தொல்லையும் உண்டு. பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும் என்று சித்தி மகள் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நாயின் நாலு காலையும் கழுவுகிறாள். அவளால் முடிகிறது என்றால் நமக்கென்ன?

சட்டமும் நாய் பக்கம்தான். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவில், நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், வளர்க்கிறவர் போதிய உணவும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தராமல் இருப்பதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஏத்தன் (நேந்திரம்) பழ பஜ்ஜி நாலு வாங்கினாலே அந்தக் காசு போய்விடும். யார் பயப்படப் போகிறார்கள்?

மரச்சீனி நாளில் குட்டனுக்கும் பங்கு உண்டு. தேங்காயும் பூண்டும் போடுவதற்கு முன்பே அவனுக்கு ரெண்டு துண்டு தனியாக எடுத்துவிட வேண்டும். உள்ளியும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். சாளையை வெறுமனே அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுப்போம். தட்டை நக்கி முடித்துவிட்டு நம் தட்டைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு மசியாமல் இருக்கத்தான் பழக வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை.

அம்மாவிடம் இந்த வழக்கில் பாதி வென்றிருக்கிறேன். ஹால் வரைக்கும் அனுமதி. அடுக்களைக்குள் கிடையாது. அதில் நான் வாதாடப் போவதில்லை. மீன் வெட்டும் இடத்தில் அவனை விட்டால் எங்களுக்குக் கறியில் வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும்.