வெளியூர் ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் வெப் வேண்டாம்

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் இப்போது யாரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து மெயில் பார்ப்பதில்லை. பிரிண்ட் எடுக்கத்தான் போகிறோம். ஹால் டிக்கெட், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட். ஃபைல் போனில் இருக்கிறது, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். உடனே கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிடுகிறோம். ஒரு பக்க பிரிண்டுக்காக மொத்த சாட்டையும் முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் திறந்து வைக்கிறோம். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

பிரவுசரை மூடினால் இணைப்பு அறுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அறாது. அடுத்து உட்காருபவர் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தால் உங்கள் சாட்தான் வந்து நிற்கும். முன்பு போனில் நெட் இருந்தால்தான் அது ஓடும். இப்போது போன் ஆஃப் ஆனாலும் ஓடும். போனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும், உண்மைதான். தினமும் வாட்ஸ்அப் பார்க்கிறவருக்கு அதனால் என்ன பயன்? ஏற்கெனவே எங்காவது ஸ்கேன் செய்திருந்தால் இப்போதே போன் வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பாருங்கள். உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

சரி, பிரிண்ட் எப்படி எடுப்பது? போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி பென் டிரைவ் ஒன்று பையில் இருக்கட்டும். வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் ஏற்றுங்கள், வேறெதுவும் வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்பில் காப்பி போட விடாதீர்கள். இத்தகைய கம்ப்யூட்டர்களில் ஷார்ட்கட் வைரஸ் சகஜம், ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். அந்தப் பென் டிரைவை வீட்டு லேப்டாப்பில் செருகாமல், ஆண்ட்ராய்டு போனில் போட்டு ஃபார்மட் செய்துவிடுங்கள். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அங்கே ஓடாது.

கடைக்காரர் நம்பருக்கே ஃபைலை அனுப்பினால், பிரிண்ட் வந்ததும் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் மட்டும் போதாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய காப்பி அப்படியே இருக்கும். கூட நின்று ஷிஃப்ட்+டெலீட் போடச் சொல்லுங்கள்; வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.

ஆதார் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தான். இரண்டும் உங்களை ஓரளவு தெரிந்தவருக்குத் தெரியும், அதைப் பூட்டு என்றே சொல்ல முடியாது. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டுக்குப் பிரிண்டே தேவையில்லை. ஐஆர்சிடிசி எஸ்எம்எஸ்ஸும் ஒரிஜினல் அடையாள அட்டையும் போதும்.

'இன்காக்னிட்டோவில்தான் திறந்தேன்' என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஹிஸ்டரியும் குக்கீயும் அந்த பிரவுசரில் தங்காது, அவ்வளவே. 2011 சைபர் கஃபே விதிகளின்படி, எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற பதிவைக் கடைக்காரர் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் கீலாக்கர். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது பதிவு செய்யும், இன்காக்னிட்டோவுக்கு அதைத் தடுக்க வழியே இல்லை. ஹோட்டல்களில் விருந்தினர்களுக்காக வைத்திருக்கும் பிசினஸ் சென்டர் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் கீலாக்கர் போட்டுப் பாஸ்வேர்டைத் திருடியதைச் சொல்லி, 2014 ஜூலையில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஹோட்டல்களை எச்சரித்தது. நல்ல ஹோட்டல் என்பது உத்தரவாதம் ஆகாது. ஆன்-ஸ்கிரீன் கீபோர்டும் காப்பாற்றாது, ஸ்கிரீனையே படம் பிடிக்கும் கீலாக்கர்கள் உண்டு.

போனே தொலைந்துபோய், மெயிலைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்? கிளம்பும் முன்பே கூகுள் பேக்கப் கோடுகளை, அதாவது போனுக்கு வரும் ஓடிபிக்குப் பதிலாகப் போடும் எண்களை, எழுதிப் பர்ஸில் வையுங்கள். 10 கோடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். குரோமில் கெஸ்ட் மோடு திறந்து வேலையை முடித்து லாக் அவுட் செய்யுங்கள். பிறகு நம்பகமான ஒரு கருவி கிடைத்த அன்றே பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றுங்கள். நெட் பேங்கிங்கை மட்டும் அங்கே திறக்கவே வேண்டாம். கார்டை முடக்க வங்கிக்குப் போன் செய்தால் போதும். பணம் போயிருப்பது தெரிந்தால் அடுத்த அழைப்பு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு.