சத்தம் போட்டது நான்தான்

ஞாயிற்றுக்கிழமை கவிதை வாசிப்பில் நடந்ததை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முப்பது நொடிக்கு வெட்டி, மேலே சிரிப்பு ஸ்மைலி ஒட்டிய காணொளியை எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு மிஷின் போடும் சத்தத்தை அப்படியே எழுத்தில் பிடித்த என் கவிதையை நான் வாசித்து முடித்ததும் தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்து, "சரி, மிஷின் ஆஃப் ஆயிடுச்சு, இனி கவிதைக்குப் போகலாமா?" என்றார். அரங்கமே குலுங்கியது. நானும் சிரித்தேன். பாருங்கள், நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

கோபமெல்லாம் இல்லை. (மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அது வேறு விஷயம்.) ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு சத்தத்தை எழுத்தில் பிடிப்பது காதின் வேலை. நீங்கள் என் வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள்.

"இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்பவர்கள் இன்றிரவு குழாய் சொட்டுவதை எழுதிப் பாருங்கள். 'சொட் சொட்' என்று எழுதுவீர்கள். அது குழாயிலிருந்து வந்ததல்ல, பள்ளிப் புத்தகத்திலிருந்து வந்தது. உட்கார்ந்து கேளுங்கள். காலி வாளியில் 'டப்' என்று தட்டையாக விழும். தண்ணீர் ஏற ஏற 'ளுங்க்' என்று தொண்டைக்குள் போகும். ளகரத்தில் சொல் தொடங்காது என்பது இலக்கணம். வாளிக்கு அது தெரியாது. துளிக்கு அடியில் சிக்கிய காற்றுக்குமிழ் அதிர்வதுதான் அந்தச் சத்தம் என்று 2018இல் கேம்பிரிட்ஜில் அதிவேகக் கேமராவே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சொட்டுக்குக் காது கொடுத்தால் ஆய்வு, நான் கொடுத்தால் கோமாளித்தனம்.

அடுத்தது, "இது மேற்கத்திய இறக்குமதி". 1916இல் சூரிச்சில் ஹ்யூகோ பால் என்ற கவிஞர் அட்டையில் செய்த உடுப்பை மாட்டிக்கொண்டு அர்த்தமே இல்லாத சொற்களை வாசித்தாரே, அதைக் காப்பியடிக்கிறேனாம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டு, ஐயா. 'முத்தைத்தரு' பாட்டில் போர்க்களத்துக் கிழக்கூகை 'குக்குக்குகு குக்குக்குகுகுகு' என்று கத்துகிறது. அதைக் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்கிறீர்கள். "ஆந்தை நிறுத்தட்டும், பாட்டுக்குப் போகலாம்" என்று அங்கே எவரும் மைக்கைப் பிடிக்கவில்லையே? மழைக்குப் பாரதி 'தீம்தரிகிட' போட்டபோது? "அவர்கள் எங்கே, நீ எங்கே" என்பீர்கள். சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது என்னைப் பற்றிய பேச்சு. வடிவத்தை ஏன் சேர்த்து அடிக்கிறீர்கள்?

புரியவில்லை என்பவர்களுக்கு: சரி.

இந்த வகைக் கவிதையில் குப்பைதான் அதிகம் என்கிறார் ஒரு நண்பர். ஒப்புக்கொள்கிறேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்பது வரி 'டிக்' எழுதியவன் நான். காதல் கவிதையில் இல்லாத குப்பையா? அதற்காகக் காதலை நிறுத்தச் சொல்லவில்லையே.

வாசனை என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். கவிதைக்குள் பூவுக்கும் மழை பெய்த மண்ணுக்கும் மட்டும்தான் அனுமதி. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்' என்று குறள் சொல்லும்போது நாற்றம் நறுமணம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். நெடி, வாடை, வீச்சம், முடை, மக்கல் என்று இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு கவிதையில் எல்லாவற்றுக்கும் 'மணம்' என்றே எழுதுகிறோம்.

என் கவிதையில் சாவிக்கொத்தின் வாடை வருகிறது. "இரும்புக்கு ஏதுங்க வாசனை?" என்று ஒருவர் கேட்டார். அன்று வந்ததிலேயே உருப்படியான கேள்வி அதுதான். இரும்பைத் தொட்ட கையில் வீசுவது இரும்பின் வாடையே இல்லை. நம் தோலின் எண்ணெய்ப்பசை இரும்பு பட்டு மாறுவதால் எழும் வாடை அது. 2006இல் ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். ஆக, அப்பாவின் சாவியைக் கையில் வைத்து எத்தனை முறை மோந்தாலும் வருவது என் கையின் வாடைதான். அந்த வரியில் இருந்தது அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அந்த 'மிஷின்' ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூச்சுக்குக் கொடுப்பது. பதினோரு மாதம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடியது. உள்ளே இரண்டு உருளைகள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஓர் உருளை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும், மற்றது முன்பு பிடித்ததைக் கக்கும், பிறகு மாறிக்கொள்ளும். ஸ்ஸ்ஸ்… டக். ம்ம்ம்ம். ப்ஷ். அப்புறம் ஸ்ஸ்ஸ்… டக். ஈரப்பதக் குப்பியில் குமிழ் குமிழாக ஒரு முணுமுணுப்பு. கீழே தரையில் பாய் போட்டு, தூங்க முடியாமல், செல்போன் வெளிச்சத்தில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கவிதை இரண்டிரண்டு வரியாக மாறி மாறிப் போவதற்குக் காரணம் அந்த இரண்டு உருளைகள். வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போன அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. கடைசி நான்கு வரியை வெறுமையாக விட்டதும் அதனால்தான். அந்த இடத்தில்தான் அரங்கில் முதல் சிரிப்பு எழுந்தது.

வாசிக்கும் முன் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கவிதை தன் காலில் நிற்கட்டும் என்ற திமிர். இப்போது சொல்லிவிட்டேன், அதனால் தோற்றுவிட்டேன். "ஐயோ, தெரியாமப் போச்சே" என்று இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். அப்பாவுக்காகப் பிடிக்கிறது என்றால் கவிதை பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையே அதைச் சொல்லியிருந்தால் போதும், சிரிக்காமல்.

நேற்று அந்தக் காணொளியைப் படம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டேன். முன்வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பு மூக்கில் 'ஹ்க்' என்று ஏறி, 'ஹ்க்க்… ஆஆ' என்று இறங்குகிறது. பின்னால் ஒரு நாற்காலி 'ர்ரீச்'. மைக் ஒருமுறை 'ப்பூ' என்று ஊதுகிறது. எல்லாவற்றுக்கும் அரை நொடி பிந்தி 'ஹெ, ஹெ' என்று ஒன்று கேட்கிறது. அது என்னுடையது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.