ஒரு வெட்கம், நான்கு ஆங்கிலச் சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் இருந்த மேலாளர் ஒருவருக்கு மாத அறிக்கைக்குப் பதிலாக வேறொரு கோப்பை இணைத்து அனுப்பிவிட்டேன். தவறு தெரிந்ததும் பதறிப்போய், 'ஐ யாம் டீப்லி அஷேம்ட்' என்று தொடங்கி நான்கு வரியில் மன்னிப்பு கேட்டு எழுதினேன். பத்தே நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தால், 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? வேறு ஏதும் நடந்துவிட்டதா?' என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மனத்தில் ஓடியது 'ரொம்ப வெட்கமாப் போச்சு' என்ற வாக்கியம். அவர் படித்ததோ ஏதோ பெரிய மோசடியை ஒப்புக்கொள்ளும் வாக்கியம். நான் அங்கே எழுதியிருக்க வேண்டிய சொல் 'எம்பாரஸ்ட்'.

பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே தலை குனிவதும் வெட்கம், பந்தியில் இலையைக் கவிழ்த்துச் சாம்பாரை மேலே கொட்டிக்கொள்வதும் வெட்கம், வாங்கிய கடனை இல்லையென்று சாதித்துவிட்டு மாட்டிக்கொள்வதும் வெட்கம் என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆகவே, ஷை, எம்பாரஸ்ட், அஷேம்ட், கில்ட்டி ஆகிய நான்கில் எதை எடுப்பது என்ற குழப்பம் வரும்போது ஆங்கில அகராதியைப் புரட்டுவதை விட, நம் வெட்கத்தை முதலில் தமிழிலேயே பிரித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பிரிப்பதற்கான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஷை என்பது கூச்சம். குதிரை எதையாவது கண்டு மிரண்டு ஒதுங்குவதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நமக்கும் வெளிச்சத்தில் கண் கூசுகிறது, ஐஸ் பட்டால் பல் கூசுகிறது. எந்தத் தவறும் நடக்காமலேயே பின்வாங்கும் இயல்பு அது.

எம்பாரஸ்ட் என்பதற்கு வெட்கத்தை விடச் சங்கடம் மிக நெருக்கமானது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் வழியை அடைப்பது, தடுப்பது என்பதாகும். வடமொழியிலிருந்து நமக்கு வந்த சங்கடத்துக்கும் குறுகலான, நெருக்கடியான இடம் என்பதே மூலப்பொருள். கையில் காசில்லாத நிலையை அவர்கள் 'ஃபைனான்ஷியல் எம்பாரஸ்மென்ட்' என்று சொல்வதும் நாம் பணச் சங்கடம் என்று சொல்வதும் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் பார்ப்பதற்கு நாலு பேர் வேண்டும், குற்றம் எதுவும் வேண்டியதில்லை. அலுவலகத்தில் எல்லாரும் சுற்றி நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடும்போது, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கேக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான்.

அஷேம்ட் என்றால் செய்த செயல் நம்மையே தாழ்த்திவிட்டது என்ற உணர்வு. குறளில் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே, தகாத செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறது. அஷேம்டுக்கும் ஷைக்கும் இடையிலான கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆங்கில இலக்கண நூல் எதையும் நான் பார்த்ததில்லை. (ஆடையில்லாமல் ஓடும் குழந்தையைப் பார்த்து 'ஷேம் ஷேம் பப்பி ஷேம்' என்று நாம் பாடுவது, இந்தக் கணக்கில் அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.)

கில்ட்டி என்பதைக் குற்றவுணர்வு என்று எழுதுகிறோம், ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'மனசு உறுத்துது' என்பதே பேச்சு வழக்கு. கண்ணில் விழுந்த தூசியைப் போல, யாரும் பார்க்காவிட்டாலும் உறுத்திக்கொண்டிருக்கும். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட நூலில், அஷேம்ட் என்பது 'நான் எப்படிப்பட்டவன்' என்பதைப் பற்றியது, கில்ட்டி என்பது 'நான் என்ன செய்தேன்' என்பதைப் பற்றியது என்ற வகையில் இரண்டையும் வேறுபடுத்தினார். எழுதும்போது இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது: 'ஐ ஃபீல் கில்ட்டி' என்றால் மனம் உறுத்துகிறது, 'ஐ யாம் கில்ட்டி' என்றால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல ஒலிக்கும். நடுவே வரும் ஃபீல் என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டால் போச்சு.

இவ்வளவு பிரித்த பிறகும் ஓர் இடத்தில் எனக்கு ஆங்கிலம் வருவதில்லை. 'வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், ஒரு ஐயாயிரம் ரூபாய் கிடைக்குமா' என்று ஒருவர் கேட்கும்போது, அதில் கேட்பதற்கான கூச்சமும் இருக்கிறது, கைச் சங்கடமும் இருக்கிறது, இப்படி ஆகிவிட்டோமே என்ற நாணமும் இருக்கிறது. மொழிபெயர்க்கச் சொன்னால் எம்பாரஸ்ட் என்றுதான் எழுதுவேன். எழுதிவிட்டு, கேட்டவரின் முகத்தில் பாதியை விட்டுவிட்டேனே என்று கொஞ்சம் உறுத்தும்.