டாப் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு கூட்செட்

டாப் ஸ்டேஷனில் நின்று படம் எடுத்துப் போடாதவர்கள் என் நட்பு வட்டத்தில் குறைவு. ரயிலே இல்லாத இடத்துக்கு எதற்கு ஸ்டேஷன் என்று பெயர் வந்தது? மூணாறு தேயிலையைக் கீழே இறக்கிய ரோப்வேயின் மேல்முனை அது. கீழ்முனை நம்ம குரங்கணிப் பக்கம், கொட்டகுடியில். 1908இலிருந்து மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே குட்டி ரயில்கூட ஓடியது. 1924 வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

கொட்டகுடியில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டதே இந்த மலைச் சரக்கை நம்பித்தான். உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள்.

2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2023 ஜூன் 15 அன்று அகலப்பாதையில் போடிக்குத் திரும்பி வந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்த பேச்சு முழுக்க சென்னைக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான். சரக்கு ஏற்றி இறக்கும் கூட்செட்டைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இந்த ஊருக்கு ரயிலைக் கூட்டிவந்ததே சரக்குதானே!

என் அம்மாச்சி வீட்டுத் தாத்தா அங்கே மூட்டை தூக்கியவர். கூட்செட் மேடை ஏன் அவ்வளவு உயரம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வேகனின் தரையும் மேடையும் ஒரே மட்டம், நடுவில் ஒரு பலகையைப் போட்டால் மூட்டையோடு நேராக உள்ளே நடந்துவிடலாம், ஏறி இறங்க வேண்டாம் என்றார். அப்புறம் கதவைச் சாத்தி ஈயச் சீல் வைப்பார்கள், வியாபாரி கையில் ஆர்.ஆர். என்கிற ரயில்வே சரக்கு ரசீது வரும். ஏலக்காய் ஏற்றிய நாளில் தாத்தாவின் துண்டைத் துவைத்தாலும் வாசம் போகாது. அவருடைய கொக்கி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மரப்பிடியில் நாலு விரலும் பதிந்து பள்ளமாகியிருக்கிறது.

லாரி வந்ததால்தான் கூட்செட் படுத்தது என்பார்கள். அது பாதிதான். முன்பெல்லாம் ஒரு வியாபாரி ஒரு வேகனை மட்டும் புக் பண்ணலாம், நாலு மூட்டைகூட அனுப்பலாம். எண்பதுகளிலிருந்து ரயில்வே, ஒரு ரயில் முழுக்க ஒரே சரக்கை ஏற்றும் முறையின் பக்கம் சாய்ந்துவிட்டது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் அது சரி. ஒரே நாளில் ஒரு ரயில் நிறைய ஏலக்காய்க்குப் போடி எங்கே போகும்? போதாக்குறைக்கு மீட்டர்கேஜ் வேகன் அகலப்பாதையில் ஓடாது, வழியில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். லாரியோ கோடவுன் வாசலுக்கே வந்து நின்றது.

பழையபடி வேகன் வராது, எனக்கும் தெரியும். ஆனால் பார்சல் பெட்டியில் பத்து மூட்டை அனுப்ப வழி செய்தால் சின்ன வியாபாரிகளுக்கு உதவும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். ஸ்டேஷனில் ஒரு சுவரையாவது இந்தச் சரக்கு வரலாற்றுக்கு ஒதுக்கட்டும். தாத்தாவின் கொக்கியைக் கொடுக்க நான் தயார்.

போடி, தேனிப் பக்கம் வியாபாரக் குடும்பத்து நண்பர்களே, பழைய டிரங்குப் பெட்டியில் ஆர்.ஆர். ரசீது ஏதாவது கிடந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். கூட்செட்டில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள், நான் நேரில் வருகிறேன்.